ஊரே எழுந்து நின்ற பாட்டு

போர்ட் பிளேரில் அந்தக் காலத்தில் எந்த விழாவுக்குப் போனாலும் எங்களுக்குத் தெரிந்த ஒரே ஒழுங்கு, முன்வரிசை நாற்காலிகளைப் பார்ப்பதுதான். மேடையில் வங்காளத்தில் பேசுவார்கள், தெலுங்கில் பாடுவார்கள், மலையாளத்தில் நாடகம் போடுவார்கள். நமக்குப் புரிவது பக்கத்தில் இருப்பவருக்குப் புரியாது, அவருக்குப் புரிவது நமக்குப் புரியாது. அதனால் முன்வரிசையில் பெரிய சாப், அதாவது ஊரின் பெரிய அதிகாரி, கை தட்டினால் நாங்களும் தட்டுவோம். அவர் சிரித்தால் சிரிப்போம். எழுந்தால் எழுவோம். ஜங்லிகாட்டில் எங்கள் அடுத்த வீட்டுத் தெலுங்குக்காரம்மா மீன் விற்பவள். "எனக்கு மேடை தெரிய வேணாம், சாபோட முதுகு தெரிஞ்சா போதும்" என்பாள். எல்லாரும் சிரிப்போம். ஆனால் எல்லாரும் அப்படி ஓர் இடம் பார்த்துத்தான் உட்காருவோம்.

இப்படிப்பட்ட ஊருக்குத்தான், எமர்ஜென்சி நடந்துகொண்டிருந்தபோது, வெளிநாட்டிலிருந்து ஒரு ராக் பாட்டுக் கோஷ்டி வந்து இறங்கியது.

நான் அப்போது அரசாங்க விருந்தினர் விடுதியில் சமையல் வேலை பார்த்தேன். என் வீட்டுக்காரர் அரசாங்க லாரி ஓட்டினார், மஸ்டர் ரோலில். மஸ்டர் ரோல் என்றால் தினக்கூலிப் பதிவு. தொடர்ந்து இத்தனை நாள் வேலை பார்த்தால் நிரந்தரம் என்று விதி இருந்தது. அந்த நாள் நெருங்கும்போது, "பிரேக் எடுத்துக்கோ" என்று சொல்லிச் சில நாள் வீட்டில் உட்கார வைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்குவார்கள். அப்படி எத்தனையோ பிரேக் பார்த்தவர் என் வீட்டுக்காரர். அந்த முறைதான் தலைமை குமாஸ்தா, நாங்கள் படா பாபு என்று கூப்பிடும் வங்காளத்துக்காரர், வாய்விட்டுச் சொல்லியிருந்தார்: இந்தத் தடவை பிரேக் கிடையாது, பெயர் பர்மனென்ட் லிஸ்டில் போகிறது, டாலிகஞ்சில் குவார்ட்டர்ஸும் கிடைக்கும் என்று. எங்கள் மகளுக்கு அப்போது நடக்கிற வயது. ஒண்டுக் குடித்தனத்தின் ஒற்றை அறையில் அவள் நடப்பதற்கு முன்பே சுவர் வந்துவிடும்.

அந்த நாட்களில் எல்லாரும் கொஞ்சம் மெதுவாகப் பேசினோம். பேச்சைக் குறைத்து வேலையைப் பெருக்கச் சொல்லி அலுவலகச் சுவர்களில் எழுதிப் போட்டிருந்தார்கள். தாமதமாக வந்ததற்காக ஒருவரை வாசலிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றார்கள். யாரை என்று கேட்டால் சொன்னவருக்கே தெரியவில்லை. மேன்லேண்டிலிருந்து கப்பலில் வருகிறவர்கள் அரிசி விலை சொல்வார்கள், மழை பெய்ததா என்று சொல்வார்கள். வேறு ஏதாவது கேட்டால், "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று கடலைப் பார்ப்பார்கள்.

வந்தவர்கள் நான்கு பேர், கூட அவர்கள் அரசாங்கத்து ஆளாக ஒரு கோட்டுக்காரர். எந்த நாடு என்று கேட்டதற்கு, "நட்பு நாடு" என்று மட்டும் படா பாபு சொன்னார். பனி பெய்கிற நாடு என்று தெரிந்தது, ஏனென்றால் எங்கள் வெயிலில் முதல் நாளே இறால் மாதிரி சிவந்துவிட்டார்கள். ராக் பாட்டுக்காரர்கள் என்றால் தோள் வரை முடி வைத்திருப்பார்கள் என்று பத்திரிகைப் படங்களில் பார்த்திருந்தேன். இவர்களுக்கு ஒட்ட வெட்டியிருந்தது. ஆனால் பின்கழுத்தில் மட்டும் வெயிலே படாத வெள்ளை, நேற்றுவரை அங்கே முடி இருந்தது போல. கிளம்புவதற்கு முன் யாரோ உட்கார வைத்து வெட்டி அனுப்பியிருக்க வேண்டும். கோட்டுக்காரர் எந்த நேரமும் அவர்களோடுதான் இருப்பார். சாப்பிடும்போதுகூட அவர் ஸ்பூனை வைத்த பிறகுதான் மற்றவர்கள் எழுவார்கள். எங்கள் விடுதியின் பெருக்குகிற அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இவங்களுக்கும் ஒரு முன்வரிசை இருக்கு போல" என்றாள்.

அவர்களுடைய பெட்டிகளைக் கப்பலடியிலிருந்து ஏற்றி வந்தவர் என் வீட்டுக்காரர். டிரம் வைத்த பெட்டி ஒன்று வழுக்கி அவர் கால்மேல் விழுந்துவிட்டது. பாதம் பூசணிக்காய் மாதிரி வீங்கியது. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டுத் துணி சுற்றிவிட்டேன். லீவு போடச் சொன்னேன். "லிஸ்டு போற நேரத்துல லீவா" என்று நொண்டிக்கொண்டே போய்விட்டார்.

கச்சேரி அன்று சாயங்காலம் மைதானத்தில் ஏற்பாடாகியிருந்தது. எல்லா அலுவலகத்துக்கும் உத்தரவு போயிருந்தது, குடும்பத்தோடு வரவேண்டும் என்று. ஷாதிபூரிலிருந்தும் டாலிகஞ்சிலிருந்தும் ஆட்களை லாரியில் கொண்டுவந்தார்கள். பெண்கள் பக்கம் நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, மீன்காரம்மாவோடு உட்கார்ந்தேன். சாபின் முதுகு நன்றாகத் தெரிந்தது. என் வீட்டுக்காரர் மேடைக்குப் பக்கத்தில் ஒரு காலிப் பெட்டிமேல் கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கச்சேரி முடிந்ததும் சாமான்களை ஏற்றவேண்டியவர் என்பதால் அங்கே இருக்கச் சொல்லியிருந்தார்கள். மேடை விளக்கு பாதி அவர்மேல்தான் விழுந்தது.

நான்கு பேரும் வந்து நின்றார்கள். கும்பிடவில்லை, சிரிக்கவில்லை. விறைப்பாக நின்றார்கள். ஆர்கன் மெதுவாக ஆரம்பித்தது, மாதா கோயிலில் வாசிப்பது போல. மற்றவர்கள் வாயைத் திறக்காமல் மூக்காலேயே அந்த மெட்டை முனகினார்கள். வார்த்தை ஒன்றும் இல்லை.

பெரிய சாப் எழுந்து நின்றுவிட்டார்.

அவரையும் குறை சொல்ல முடியாது. குடியரசு தினத்தில் போலீஸ் பேண்டும் வார்த்தை இல்லாமல்தான் வாசிக்கும். நட்பு நாட்டின் தேசிய கீதம் என்று நினைத்துவிட்டார். அவர் எழுந்ததும் முன்வரிசை எழுந்தது, பிறகு மைதானமே எழுந்தது. கைகளைத் தொடையோடு ஒட்டிவைத்து, நெஞ்சை நிமிர்த்தி, அவ்வளவு பேரும். இறங்கமாட்டேன் என்று அழுத மகளை நான் ஒரு கையால் பிடித்துக்கொண்டு மற்றக் கையைத் தொடையில் ஒட்டினேன்.

மெட்டு முடியும் என்று பார்த்தால், முடியவில்லை. நிறுத்தாமலே டிரம் சேர்ந்தது. கிதார் சேர்ந்தது. தகரக் கொட்டகைமேல் மழை விழுகிற மாதிரி ஒரு சத்தம். சாப் உட்காரலாமா என்று இலேசாக முழங்காலை மடக்கினார். ஆர்கன் மறுபடி பழைய மெட்டைத் தொட்டதும் சட்டென்று நிமிர்ந்தார். அவர் மடங்கியபோது நாங்களும் மடங்கினோம், அவர் நிமிர்ந்தபோது நாங்களும் நிமிர்ந்தோம். மேடையில் ஒருவர் தலையை ஆட்டி ஆட்டி டிரம்மை அடிக்கிறார். கீழே ஊரே சுதந்திர தினம் போல அசையாமல் நிற்கிறது. மீன்காரம்மா உதட்டை அசைக்காமல் என்னிடம், "இவங்க நாட்டுல கொடி ஏத்த எவ்ளோ நேரம் ஆகும்?" என்று கேட்டாள்.

என் வீட்டுக்காரர் ஒருவர்தான் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருந்தது மட்டுமில்லை, கட்டுப்போடாத காலால் தாளமும் போட்டார். கண்ணைக் காட்டினேன், பார்க்கவில்லை. கன்னத்தைக் கையில் தாங்கி மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருவழியாக முடிந்தது. கிதார்க்காரர் முழங்கையால் கண்ணைத் துடைத்தார். வியர்வை என்று நினைத்தேன். அடுத்த பாட்டு ஆரம்பித்தபோது சாப் பாதி எழுந்து, யோசித்து, உட்கார்ந்தார். மைதானமும் பாதி எழுந்து உட்கார்ந்தது. அப்புறம் எத்தனை பாட்டு, என்ன பாட்டு, எனக்கு எதுவும் ஏறவில்லை.

மறுநாள் காலையில் படா பாபு என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அனுப்பினார். நட்பு நாட்டின் தேசிய கீதத்தை அவமதித்ததாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். நாளை சாப் விசாரிப்பார், கப்பல் ஏறுவதற்கு முன் அந்த விருந்தினர் முன்னாலேயே பதில் சொல்லவேண்டும். படா பாபு கெட்டவர் இல்லை. எங்கள் வீட்டில் மீன் குழம்பு சாப்பிட்டவர்தான். என்ன சொன்னார் என்று கேட்டதற்கு என் வீட்டுக்காரர் அவர் குரலிலேயே சொல்லிக்காட்டினார்: "தேக்கோ, இங்க பாரு டிரைவர், ஊரே நின்னப்ப உட்கார்ந்த ஆளை எந்த லிஸ்ட்ல நான் எழுதுறது?"

தண்ணீர்க் குழாயடியில் அன்று இதே பேச்சுதான். தேசிய கீதத்துக்கு யாராவது டிரம் அடிப்பார்களா என்று மலையாள வாத்தியாரின் மனைவி கேட்டாள். அவர்கள் நாட்டில் அடிப்பார்களோ என்னவோ, நாம் போய்ப் பார்த்தோமா என்றாள் ஒரு வங்காளத்துப் பெண். அது சும்மா ஒரு பாட்டுதான் என்றேன் நான்.

"அப்ப சாப் எதுக்கு நின்னாரு?" என்றாள் மீன்காரம்மா.

வங்காளத்துப் பெண் நிறைந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். அது தேசிய கீதம் என்றால் என் வீட்டுக்காரர் மேல் குற்றம். வெறும் பாட்டு என்றால், ஊர் முழுவதையும் ஒரு பாட்டுக்கு விறைத்து நிற்கவைத்தது யார் என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வியை அந்த வருஷத்தில் யார் கேட்பது? கோட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும். ஆனால் சாப் கேட்கமாட்டார், கேட்டால் தெரியாமல் எழுந்தார் என்று ஆகிவிடும். சாப் கேட்காததைப் படா பாபுவும் கேட்கமாட்டார். கேட்கக்கூடிய ஆள் சமையல்காரி ஒருத்திதான் என்று தோன்றியது.

மத்தியானம் கிதார்க்காரர் வெந்நீருக்காகச் சமையலறைக்கு வந்தார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் டீ, எக், ஹாட் வாட்டர், டுமாரோ. அவருக்குத் தெரிந்தது அதைவிடக் கொஞ்சம் கூட. நான் அந்த மெட்டை முனகிக் காட்டினேன். அட்டென்ஷனில் நின்று சல்யூட் அடித்தேன். "யுவர் நேஷன் சாங்?" என்று கேட்டேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. வாசல் பக்கம் பார்த்தார். கூடத்தில் கோட்டுக்காரர் செருப்புச் சத்தம். கிதார்க்காரர் சட்டென்று விறைத்து, நெஞ்சில் கைவைத்து, "யெஸ், யெஸ். நேஷன்" என்றார். வெந்நீரை எடுக்காமலே போய்விட்டார்.

எனக்கு அடுப்பைப் பார்க்கவும் தோன்றவில்லை. அவ்வளவுதான், லிஸ்டும் போச்சு, குவார்ட்டர்ஸும் போச்சு என்று நின்றேன். ஆனால் இத்தனை வருஷம் ஆட்களுக்குச் சோறு போட்டவள். பயத்தில் சொல்கிற ஆமாம் எனக்குத் தெரியும்.

கோட்டுக்காரர் கடலில் குளிக்கப் போனபிறகு கிதார்க்காரர் மறுபடி வந்தார். கதவைப் பாதி சாத்தினார். அந்த மெட்டை மெதுவாக முனகினார். பிறகு தன் வாயைத் தொட்டுக் காட்டி, அதில் வார்த்தை வருவது போல விரலை அசைத்தார். உடனே இரண்டு விரலால் உதட்டைப் பிடித்து மூடினார். விரல்களைக் கத்தரிக்கோல் போலப் பின்கழுத்தில் ஓட்டிக் காட்டினார். கடைசியில் இரண்டு மணிக்கட்டையும் ஒன்றாகச் சேர்த்து என் முன்னால் நீட்டினார். அந்தப் பாட்டுக்கு வார்த்தைகள் உண்டு, அவர்கள் நாட்டில் அதைப் பாடக்கூடாது, பாடினால் விலங்கு. அவ்வளவு எனக்குப் புரிந்தது. வார்த்தையை எடுத்து, மெதுவாக்கி, கடல் தாண்டி வந்து வாசித்திருக்கிறார்கள். கோட்டுக்காரருக்கு எப்படி அடையாளம் தெரியாமல் போனது என்று கேட்க எனக்குப் பாஷை இல்லை. தெரிந்துதான் சும்மா இருந்தாரோ, அதுவும் தெரியாது.

பிறகு அவர் சொன்னதுதான் என்னைக் கலக்கிவிட்டது. "யூ பீப்பிள் நோ. ஆல் ஸ்டாண்ட்" என்றார். நெஞ்சைத் தொட்டார். கண்ணில் தண்ணீர். நாங்கள் அந்தப் பாட்டைப் பற்றித் தெரிந்துதான், மரியாதைக்காக ஊரோடு எழுந்தோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். இல்லையப்பா, நாங்கள் சாபின் முதுகைப் பார்த்து எழுந்தவர்கள் என்று எப்படிச் சொல்வது? நான் தலையை ஆட்டினேன். வெந்நீரைக் கையில் கொடுத்தேன்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் விடுதிக்குப் பின்னால் லாரியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, அது தேசிய கீதமில்லையாம். பாட்டுதான்" என்றேன்.

"அதத்தான நான் காலையிலேருந்து சொல்றேன்."

"ஆனா நாம அதச் சொல்லக்கூடாதுங்க. அவங்க ஊர்ல தடை பண்ணின பாட்டாம். அந்தக் கோட்டுக்காரருக்குத் தெரிஞ்சா அவர இப்படிப் போட்டுருவாங்க." மணிக்கட்டைச் சேர்த்துக் காட்டினேன்.

அவர் வாளியைக் கீழே வைத்தார். "நீ யாருக்குப் பொண்டாட்டி? எனக்கா, கிதாருக்கா?"

"அதுக்கில்லைங்க."

"எத்தனை பிரேக்கு பாத்திருப்பேன். இந்த ஒரு தடவை விட்டா கிழவனாகிற வரைக்கும் மஸ்டர் ரோல்தான். நாளைக்குச் சொல்லத்தான் போறேன். சந்தேகமிருந்தா அவங்க ஆளையே கேளுங்க சாப்னு சொல்லுவேன்."

அவர் சொன்னதில் தப்பு எங்கே இருக்கிறது? மகள் சேற்றுத் தண்ணீரில் இறங்கி விளையாடிக்கொண்டிருந்தாள். ஒரு நேரம் அவர் சொல்வதே சரி என்று இருந்தது. மறுநேரம் அந்த மணிக்கட்டு கண்ணில் வந்தது. இரண்டு பேருக்கும் நல்லதாக ஒரு வழி இருக்கும், எனக்குத்தான் பிடிபடவில்லை என்று சமைத்துக்கொண்டே யோசித்தேன். அன்று குழம்பில் இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டேன்.

மறுநாள் விடுதிக் கூடத்தில் சாப், கோட்டுக்காரர், படா பாபு. பாட்டுக்காரர்கள் பெட்டியோடு வாசலில் நின்றார்கள். நான் டீ கொண்டுபோனேன். என் வீட்டுக்காரரை உள்ளே கூப்பிட்டார்கள். நொண்டிக்கொண்டு வந்து நின்றார்.

சாப் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். எங்கள் டிரைவர், உங்கள் ஆந்தம், வருந்துகிறோம் என்று எனக்குப் பிடிபட்டது. ஆந்தம் என்றால் தேசிய கீதம் என்று இதற்குள் தெரிந்துகொண்டிருந்தேன். கோட்டுக்காரர் புருவத்தைத் தூக்கினார்.

"ஆந்தம்?" என்றார்.

சாபின் கையில் இருந்த கோப்பை நடுவழியில் நின்றது. படா பாபு தரையைப் பார்த்தார். வாசலில் கிதார்க்காரரை நான் பார்த்தேன், பார்க்காமல் இருந்திருக்கலாம். எந்த ஆந்தம் என்று அடுத்த கேள்வி வந்தால் எல்லாம் வெளியே வந்துவிடும். இதோ என் வீட்டுக்காரர் வாயைத் திறக்கிறார். தட்டை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டேன்.

அவர் ஹிந்தியில் சொன்னார். "சாப், அவங்க தேசிய கீதம் வாசிச்சாங்க. நான் எந்திரிக்கல. கால் வீங்கியிருந்துச்சு. மாஃப் கீஜியே, மன்னிச்சிருங்க."

படா பாபு அதை இங்கிலீஷில் அவசரமாகச் சொன்னார். கோட்டுக்காரர் என் வீட்டுக்காரரின் காலைப் பார்த்தார், சாபைப் பார்த்தார், திரும்பி வாசலை வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து, மெல்லத் தலையை ஆட்டி, என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். சாப் டீயைக் குடித்தார். அவர் முகத்தில் அப்போதுதான் உயிர் வந்தது.

கால் வலிக்காக மன்னித்துவிட்டதாகச் சாப் சொன்னார். ஆனால் தப்பு தப்புதான் என்பதால் லிஸ்டில் பெயர் போகவில்லை. பெட்டிகளைக் கப்பலடியில் இறக்கியதும் பிரேக் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். டாலிகஞ்ச் குவார்ட்டர்ஸ் வேறொரு டிரைவருக்குப் போனது.

வீட்டுக்கு வந்ததும் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். சாபின் முகத்தைப் பார்த்துப் பயந்தாரா, அந்த மனிதருக்காகவா, இல்லை நான் மணிக்கட்டைக் காட்டியதற்காகவா? "சோறு போடு" என்றார். நானும் விடாமல் பல நாள் கேட்டுப்பார்த்தேன். அக்கம்பக்கத்தில் ஆளுக்கொன்று சொன்னார்கள். சாபிடம் பணிந்துபோனான் என்றாள் வங்காளத்துப் பெண். "உன் புருஷனுக்குப் பேசத் தெரியல" என்றாள் மீன்காரம்மா. நான் யாரிடமும் உண்மையைச் சொல்லவில்லை. எது உண்மை என்று எனக்கே நிச்சயமில்லாதபோது எதைச் சொல்வது?

எமர்ஜென்சி போய், தேர்தல் நடந்து, வேறு சாப் வந்து, அதற்கும் பிறகுதான் பர்மனென்ட் ஆர்டர் வந்தது. மகள் அதற்குள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அன்று அவர் சந்தோஷமாக இருந்தார், சீலா மீன் வாங்கி வந்திருந்தார். இப்போது கேட்டால் சொல்லுவார் என்று மறுபடி ஆரம்பித்தேன். மீனை அறுத்துக்கொண்டே, அன்று கால் அவ்வளவு வலித்ததா, எழுந்திருக்கவே முடியவில்லையா என்று கேட்டேன்.

"வலிச்சுது. ஆனா நிக்க முடியாத வலி இல்ல" என்றார். "எல்லாரும் சாபப் பாத்துக்கிட்டு நின்னீங்க. எனக்கு அந்தப் பாட்டு பிடிச்சிருந்துச்சு. உட்கார்ந்து கேட்டேன்."

"அப்ப எதுக்கு தேசிய கீதம்னு சொன்னீங்க?"

"அத இன்னும் நீ விடலியா" என்று சொல்லிவிட்டு, மகளைக் கூப்பிட்டுக்கொண்டு வெளியே போனார்.